ஜூன் அஞ்சாம் தேதிப் படங்கள்

வேண்டாம் தம்பி, மேல வைக்க வேண்டாம். இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும். உள்ள போட்டோ இருக்கு, மடங்கிரும். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. எது வரைக்கும் போறீங்க? தூத்துக்குடியா? அப்ப சரி. நான் நடுவுல ஆவரங்குடியில இறங்கிருவேன். அதுக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு. மெடிக்கல் ரெப்பா? அதான் இவ்வளவு பெரிய பை.

கல்யாண போட்டோ இல்ல தம்பி. எங்க காலேஜ்ல எடுத்தது. வருசா வருசம் ஜூன் அஞ்சாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்னிக்கு, எங்க டிபார்ட்மென்ட் மொத்தமும் வரிசையா நின்னு எடுத்துக்கிட்டது. இருபத்தாறு வருசம், இருபத்தாறு போட்டோ. இதைத்தான் ஆவரங்குடியில மெர்லின்னு ஒரு பொண்ணு கேக்குது. நான் ரிடையர் ஆனப்புறம் என் இடத்துக்கு வந்த பொண்ணு. என் நாற்காலி, என் பீரோ, என் ரிஜிஸ்டர் எல்லாம் இப்ப அதுகிட்டதான் இருக்கு. இந்தப் போட்டோவைக் கொண்டு போய்க் குடுத்தேன்னா, இருபத்தாறு வருசமா நான் சொன்னது தப்புன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. குடுக்கலைன்னா ஒண்ணும் இல்ல. 'வீடு மாத்துனப்ப தொலைஞ்சு போச்சும்மா'ன்னு சொல்லிட்டு, காலேஜ் கேன்டீன்ல ஒரு காப்பியைக் குடிச்சுட்டு, அடுத்த பஸ்ல மதுரைக்கு ஏறிரலாம். எதுன்னு இன்னும் முடிவு பண்ணல. அதான் பையை மடியிலயே வச்சிருக்கேன்.

எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபமெல்லாம் இல்ல. இதை முதல்லயே சொல்லிர்றேன். நான் கோபப்படுற ஆளே கெடையாது. கோமதியைக் கேட்டுப் பாருங்க. கோமதி என் வீட்டம்மா. வேண்டாம், அவளைக் கேக்காதீங்க.

என் பேரு நல்லபெருமாள். ஆவரங்குடியில போய்ப் பேரைச் சொன்னா தெரியாது. 'மழை வாத்தியார்'னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிறவங்க கூடச் சொல்லிருவாங்க. சுற்றுச்சூழல் அறிவியல்தான் பாடம். ஆனா பேரு வாங்கிக் குடுத்தது மழை. மழைமானி பாத்திருக்கீங்களா? பெரிய மிசினெல்லாம் இல்ல. தரையில பாதி புதைச்ச ஒரு உருளை, மேல புனல், உள்ள பாட்டில். பேயுற மழை புனல் வழியா பாட்டில்ல சேரும். மறுநாள் காலையில அந்தத் தண்ணியைக் கோடு போட்ட கிளாஸ்ல ஊத்தி, எத்தனை மில்லிமீட்டர்னு பாத்து ரிஜிஸ்டர்ல எழுதணும். அவ்வளவுதான். "இதுக்கா மாப்ள டாக்டர் பட்டம் குடுத்தாங்க?"ன்னு என் மாமனார் சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தார்.

காலையில எட்டரை மணிக்கு எடுக்கணும். எட்டரைன்னா எட்டரை, நாடு முழுக்க அதுதான் நேரம். 1996-லேர்ந்து ரிடையர் ஆகுற வரைக்கும் நான் ஒரு நாள் தவற விட்டதில்ல. என் மக கல்யாணம், முகூர்த்தம் ஏழரைக்கு மேல ஒன்பதுக்குள்ள. தாலி கட்டி முடிஞ்சுது, நான் எட்டு பத்துக்கு ஸ்கூட்டரை எடுத்துட்டேன். ஆசீர்வாதம் பண்ற நேரத்துல சம்பந்தி, "பொண்ணோட அப்பா எங்க?"ன்னு தேடியிருக்கார். "மழை அளக்கப் போயிருக்கார்"னு கோமதி சொல்லியிருக்கா. அவர் வெளிய போய் வானத்தைப் பாத்துட்டு வந்தாராம். ஏப்ரல் மாசம் தம்பி. ஒரு பொட்டு மேகம் கெடையாது. அதுக்கென்ன, மழை இல்லைன்னா பூஜ்யம்னு எழுதணும்ல. எழுதாம விட்டா அது பூஜ்யம் இல்ல, காலி. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. சம்பந்திக்கு இன்னைக்கு வரைக்கும் அது புரியல.

கொரோனா சமயத்துல போலீஸ்காரர் மறிச்சார். எங்க போறீங்கன்னார். மழை அளக்கன்னேன். அவர் என்னை ஒரு நிமிசம் பாத்தார். "வீட்டுல யாராவது இருக்காங்களா சார், நம்பர் குடுங்க"ன்னார். கோமதிக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். "ஆமாங்க, அப்படித்தாங்க, விட்டுருங்க"ன்னு அவ சொன்னப்புறம்தான் விட்டார்.

அப்படி அளந்த மழை தம்பி அது. அதான் சொல்ல வர்றேன்.

முதல் நாலஞ்சு வருசம் ஒண்ணும் தெரியல. வருசத்துக்கு எழுநூத்தம்பது மில்லிமீட்டர், முன்னப்பின்ன இருக்கும். அப்புறம் பாத்தா குறைய ஆரம்பிச்சுது. ஒரு வருசம் குறைஞ்சா யாரும் கண்டுக்க மாட்டாங்க. பத்து வருசம் சேந்தாப்புல குறைஞ்சா அதுக்குப் பேரு ஆராய்ச்சி. வருசத்துக்குப் பதினோரு மில்லிமீட்டர் வீதம் ஆவரங்குடியில மழை குறையுதுன்னு எழுதுனேன். அதுல டாக்டர் பட்டம் வாங்குனேன். பெங்களூர் கூப்பிட்டாங்க, டெல்லி கூப்பிட்டாங்க. டெல்லியில ஒரு வடநாட்டுக்காரர் எந்திரிச்சு, "ஒங்க ஊர்லயே தாலுகா ஆபீஸ் மழைமானியில குறையலையே?"ன்னு கேட்டார். நான் விடல. "அது மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல இருக்கு. மழைமானியைச் சுத்தி மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல ரெண்டு மடங்கு தூரம் திறந்த வெளியா இருக்கணும். இது பி.எஸ்.சி. பிள்ளைகளுக்கு நான் அஞ்சு மார்க்குக்குக் கேக்குற கேள்வி"ன்னேன். சபையே கை தட்டுச்சு. அவர் பாவம், உக்காந்துட்டார்.

நீங்க ஏன் இப்பவே சிரிக்கிறீங்க? நான் இன்னும் விஷயத்துக்கே வரல.

போன வருசம் நவம்பர்ல ஆவரங்குடியில ஒரு மழை. ராத்திரி பூரா பேஞ்சுது. மறுநாள் பத்து மணிக்கு இந்த மெர்லின் என் வீட்டு வாசல்ல நிக்குது. அப்ப நான் ஊர்லதான் இருந்தேன், மதுரைக்கு மக வீட்டோட வரல. கால்ல முழங்கால் வரைக்கும் சேறு. ஓடைத் தெருவுல வாடகை வீடு, தண்ணி உள்ள வந்து அரிசி, புஸ்தகம், பிரிட்ஜ் எல்லாம் போச்சாம். பக்கத்து வீட்டுல படுத்த படுக்கையா இருக்குற ஒரு அம்மாவைக் கட்டிலோட தூக்கி மேல வச்சிருக்காங்க. அவ்வளவு நடந்தும் அந்தப் பொண்ணு எட்டரைக்குக் காலேஜ் போய் ரீடிங் எடுத்திருக்கு. அதுல எனக்குச் சந்தோஷந்தான்.

"சார், அறுபத்தோரு மில்லிமீட்டர் மழைக்கு வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி வருமா?"ன்னு கேட்டுச்சு.

"கண்மாய்த் தண்ணி வழிஞ்சு போற மறுகால் ஓடையைக் குறுக்கிட்டாங்கம்மா. இருவதடி இருந்தது ஆறடி ஆயிருச்சு. தண்ணி போக வழியில்ல"ன்னேன்.

"ஏன் சார் குறுக்குனாங்க?"

அதை மழுப்பிட்டேன். உங்ககிட்டச் சொல்றேன். எட்டு வருசத்துக்கு முன்னாடி ஊராட்சி இன்ஜினியர் எங்கிட்ட வந்தார். ஓடைய ஒடுக்கிட்டு மேல சிலாப்பு போட்டுக் கடை கட்டணும், மழைக்கு ஆறடி தாங்குமா சார்னு கேட்டார். நான் கிராஃபை எடுத்துக் காட்டுனேன். இந்த வேகத்துல போனா இன்னும் இருவது வருசத்துல ஓடையே தேவைப்படாதுன்னு வேடிக்கையாச் சொன்னேன். அவர் அதை வேடிக்கையா எடுத்துக்கல, நகல் எடுத்துட்டுப் போனார். நான் குறுக்கச் சொல்லல தம்பி. மழை குறையுதுன்னுதான் சொன்னேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு சொல்லுது, "சார், மொட்டை மாடியில துணி தொவைக்கிற பக்கெட்டு கெடந்துச்சு. அதுல நூத்தி நாலு மில்லிமீட்டர் இருக்கு"ன்னு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. பக்கெட்டு. இருபத்தாறு வருசம் நான் அளந்த மழைமானிக்கு எதிரா பக்கெட்டு. "பக்கெட்டுக்கு வாய் அகலம், அடி குறுகல். அதுல அளந்தா கூடத்தாம்மா காட்டும்"னேன். "தெரியும் சார், அதுக்கும் கணக்குப் போட்டுட்டுத்தான் நூத்தி நாலுன்னு சொல்றேன்"னுச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு. அதுதான் எரிச்சல். மரியாதையில்லாமச் சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைங்க சும்மா இருக்குமா? தன் சம்பளத்துலயே இன்னொரு மழைமானி வாங்கி, விளையாட்டு மைதானத்து ஓரமா, சுத்தி ஒண்ணும் இல்லாத இடமாப் பாத்துப் புதைச்சிருச்சு. ரெண்டையும் ஒரு வருசம் அளந்துச்சு. அங்க நூறு மில்லிமீட்டர் பேஞ்சா என் மழைமானியில அறுபது. ஒவ்வொரு மழைக்கும் அதே அறுபது. போன மாசம் ஃபோன் பண்ணி, "சார், ஒரு தடவை வந்துட்டுப் போக முடியுமா?"ன்னு கேட்டுச்சு. போனேன்.

மழைமானிக்குப் பக்கத்துல நான் போட்டு வச்ச சிமென்ட் பெஞ்சு இருக்கு. அதுல உக்காந்துதான் ரிஜிஸ்டர் எழுதுவேன். எழுதி முடிச்சும் எந்திரிக்க மனசு வராது, அப்படி ஒரு நெழல் அந்த இடத்துல. அன்னைக்கும் போய் உக்காந்து, "அப்பாடா"ன்னு துண்டால முகத்தைத் தொடைச்சேன். அந்தப் பொண்ணு உக்காரல. நின்னுக்கிட்டே, "சார், கொஞ்சம் மேல பாருங்க"ன்னுச்சு.

பாத்தேன்.

தூங்குமூஞ்சி மரம் தம்பி. தலைக்கு மேல ஒரு பந்தல் கணக்கா விரிஞ்சு கெடக்கு. மழைமானி அதுக்குள்ள இருக்கு.

நீங்க நம்ப மாட்டீங்க. எத்தனையோ ஆயிரம் நாள் அந்த இடத்துக்குப் போயிருக்கேன், மேல பாத்ததே இல்ல. ஏன்னா அளவு கிளாஸ்ல தண்ணி மட்டத்துக்குக் கண்ணு நேரா இருக்கணும், குனிஞ்சுதான் பாக்கணும். அதுதான் முறை. நான் முறை தவறாத ஆளு. குனிஞ்சவன் நிமிரவே இல்ல.

மரம் எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்களா? நாங்கதான் நட்டோம். 1996-ல முதல் சுற்றுச்சூழல் தினத்துக்குச் சிறப்பு விருந்தினரா வந்தவர் கையால மழைமானி பக்கத்துல நட்டது. அதுக்கப்புறம் வருசா வருசம் ஒரு மரம் நட்டோம், காலேஜ் கேட்டுக்குப் பக்கத்துல, எல்லாம் ஒரே குழியிலதான். விருந்தினர் மாறுவார், குழி மாறாது. அதுல ஒண்ணும் பொழைக்கல. இது மட்டும் பொழைச்சுது. இது மட்டும் எப்படின்னு மெர்லினுக்கும் சந்தேகம். "சார், கிளாஸ்ல அளந்து முடிச்ச தண்ணியை எங்க ஊத்துவீங்க?"

நான் பெருமையாக் கையைக் காட்டுனேன். அந்த மரத்தடியிலதான். அளந்த தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு ஒரு கொள்கை. மழை இல்லாத நாள்ல கூட, கிளாஸைக் கழுவுன தண்ணியோட ஒரு குடம் சேத்து ஊத்திருவேன். கையைக் காட்டி முடிக்கும்போதுதான் எனக்கே ஒறைச்சுது. அந்தப் பொண்ணு உதட்டைக் கடிச்சுக்கிட்டு வேற பக்கம் திரும்பிருச்சு. "சிரிச்சிரும்மா, அடக்காத"ன்னேன். சிரிச்சிருச்சு. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடல.

சிரிக்கிற விஷயம் இல்லைல்ல அது. என் டாக்டர் பட்டம், என் பதவி, டெல்லியில கை தட்டுனது எல்லாமே அந்த மரத்தோட உயரந்தான்னா நான் யாரு? அறுபத்திமூணு வயசுல இந்தக் கேள்வி வரக்கூடாது தம்பி. வந்தா வலிக்குது.

ரெண்டு வழி இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒண்ணு, என் ரிஜிஸ்டர் மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணணும். இல்லைன்னா திருத்தணும். திருத்தணும்னா மரம் எந்த வருசம் எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியணும். அதை யாரும் எழுதி வைக்கல. மழையை எழுதுனவன் மரத்தை எழுதல. "ஆனா சார், ஜூன் அஞ்சாம் தேதி குரூப் போட்டோ எடுப்பீங்களாமே? மழைமானி பக்கத்துல நின்னுதான் எடுப்பீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அது கெடைச்சா ஒவ்வொரு வருசமும் திருத்திரலாம்"னுச்சு. திருத்துன கணக்கு இருந்தாத்தான் ஓடையை அகலப்படுத்துவாங்களாம். ஒரு வருச மழையையும் பக்கெட்டையும் நம்பிக் கடையை இடிக்க முடியாதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டார். திங்கக்கிழமை கூட்டம். அதுக்குள்ள குடுக்கணும்.

உத்தேசமா அது போட்டுப் பாத்த வரைக்கும், மொத்த மழை குறையவே இல்லையாம். மழை நாள்தான் குறைஞ்சிருக்கு. நாப்பது நாள்ல நிதானமாப் பேஞ்சது இப்ப இருபத்தஞ்சு நாள்ல கொட்டுது. ஓடைத் தெருக்காரங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். எனக்குத்தான் தெரியல.

கோமதிகிட்டச் சொன்னேன். "போட்டோ தொலைஞ்சிருச்சுன்னு சொல்லிரவா?"ன்னு கேட்டேன். அவ முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. "அலமாரியில மேல் தட்டுல, மஞ்சப் பையில இருக்கு"ன்னு மட்டும் சொன்னா. அதுக்கு என்ன அர்த்தம்னு எடுத்துக்கிறது சொல்லுங்க.

உங்களுக்குப் பாக்கணுமா? பாருங்க. எனக்கும் பாத்து ரொம்ப நாளாச்சு. இந்தப் பையை நீங்க பிடிங்க, காத்துக்குப் பறந்திரும், ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க.

இது 1996. இந்த மீசைதான் நான். சிரிக்காதீங்க, அப்ப எல்லாருக்கும் அந்த மீசைதான். இந்தக் குச்சிதான் மரம். இது 97. இது 98, இந்த ஓரத்துல நிக்கிறவர் ஜம்புலிங்கம் சார், இப்ப இல்ல. இது 2000. எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு. மரம் பின்னாடி மறைஞ்சிருக்கு, எங்க தலையெல்லாம் மறைக்குது. இதுல போய் மெர்லின் என்னத்தைப் பாக்கும்? மரத்தையே காணோம்.

இருங்க.

அந்த 96-ஐ மறுபடியும் குடுங்க. பாருங்க, ஒருத்தர் கூடக் கண்ணைத் தொறக்கல. பத்து மணி வெயிலு மூஞ்சியில அடிக்குது, எல்லாம் கண்ணை இடுக்கிக்கிட்டு நிக்கிறோம். ஜம்புலிங்கம் சார் நெத்தியில கையை வச்சிருக்கார். 98-லயும் அப்படித்தான். 2000-லயும். இது 2003. இந்த இடது பக்கம் நிக்கிற மூணு பேரைப் பாருங்க, கண்ணு நல்லாத் தொறந்திருக்கு. வலது பக்கம் இன்னும் இடுக்கிக்கிட்டு. 2005, அஞ்சு பேர் தொறந்திருக்காங்க. 2007, பாதிக்கு மேல. 2010. தம்பி, ஒருத்தர் கூட இடுக்கல. எல்லாரும் கல்யாண வீட்டுல நிக்கிற மாதிரி ஜம்முன்னு நிக்கிறாங்க. நான் உள்பட.

நெழல் எங்க வரைக்கும் வந்துச்சுன்னு மூஞ்சியிலயே இருக்கு. மரத்தைப் பாக்கவே வேண்டாம். பேனா இருக்கா? ஒரு பேப்பர் குடுங்க. உங்க மாத்திரை நோட்டீசா இருந்தாலும் பரவாயில்ல, பின்னாடி வெள்ளையாத்தானே இருக்கு. நீங்க வருசத்தைச் சொல்லிக்கிட்டே வாங்க, நான் எழுதுறேன். எத்தனை பேர் நிக்கிறோம், எத்தனை பேர் கண்ணு இடுக்கியிருக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டவரை விட்டுருங்க. அவரைச் சேத்தா கணக்கு கெட்டுரும்.

2011, பூஜ்யம். 2012?

எல்லாருமா? நல்லாப் பாருங்க. இங்க குடுங்க.

எல்லாரும் இடுக்கியிருக்காங்க. வெயில் பட்டையைக் கெளப்புது. நான் மூஞ்சியை உர்ருன்னு வச்சிருக்கேன். பின்னாடி பாருங்க, மொட்டையா நிக்கிறது என்ன, தூணா? தூண் இல்ல தம்பி. அதுதான் மரம். காலேஜ் பொன்விழா அந்த வருசம். பந்தலுக்குக் கிளை இடிக்குதுன்னு மே மாசம் கிளையை மொத்தமா வெட்டிட்டாங்க, அப்புறம் மெதுவாத்தான் தழைச்சுது. நான் பிரின்சிபால் ரூம்ல போய்க் கத்துனேன். சுற்றுச்சூழல் துறைத் தலைவர் உயிரோட இருக்கும்போதே மரத்தை வெட்டுவீங்களான்னேன். ரெண்டு மாசம் அவர்கூடப் பேசல. அதான் அந்த உர்.

அந்த வருசம்தான்...

அதைச் சொல்றேன், சிரிக்கிறதா இருந்தா சிரிச்சுக்கோங்க. 2012 ஐப்பசியில மழை கொட்டுச்சு. அந்த வருசம் மொத்தம் எழுநூத்தி எம்பது மில்லிமீட்டர். பத்து வருசத்துக்கு மேல எறங்கிக்கிட்டு இருந்த கோடு படக்குன்னு ஏறிருச்சு. கண்மாய் நிறைஞ்சு ஊரே கெடா வெட்டிச் சாமி கும்புடுது, நான் மட்டும் வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். "ஊரே குளுந்து கெடக்கு, ஒங்களுக்கு மட்டும் ஏன் வேர்க்குது?"ன்னு கோமதி கேட்டா. அப்புறம் நான் சும்மா இருக்கல. அந்த ஒரு வருசம் மட்டும் ஏன் கூடுச்சுன்னு பதினாலு பக்கம் எழுதுனேன். இந்துமாக் கடலோட மேற்குப் பக்கம் சூடாகி, கிழக்குப் பக்கம் குளுந்து, காத்து திசை மாறி வந்ததால ஆவரங்குடியில மழைன்னு எழுதுனேன். படம் எல்லாம் கலர்ல. அந்தப் பேப்பருக்குத்தான் பதவி உயர்வு வந்துச்சு.

கடலும் இல்ல, காத்தும் இல்ல. பந்தல்காரன் அரிவாள்.

சிரிங்க தம்பி. நானே சிரிக்கிறேன், கண்ணுல தண்ணி வருது. இருங்க, கண்ணாடியைத் தொடைச்சுக்கிறேன்.

ஒண்ணு சொல்றேன். தப்பா அளந்தது கூட எனக்கு இப்ப பெரிசாப் படல. அளக்குறவனுக்குத் தப்பு வரும். ஆனா வானம் பாத்த ஊர் அது. அந்த ஊர்ல பொறந்து, அந்த ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு, மழை பேயலைன்னா நான் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டிருக்கேன். ஒவ்வொரு வருசமும். கோடு எறங்குதுல்ல, என் பேப்பர் நெசமாகுதுல்ல. மழை வந்தா மனசு சுருங்கிரும். இதை நான் கோமதிகிட்டக் கூடச் சொன்னதில்ல. அவளுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். வெக்கமா இருக்கு தம்பி.

பேனாவை வச்சுக்கிறேன், இறங்கும்போது தர்றேன். கொஞ்சம் இருங்க, ஒரு ஃபோன் போட்டுக்கிறேன்.

மெர்லின், நல்லபெருமாள் பேசுறேன்மா. ஆமா, பஸ்லதான் வந்துக்கிட்டு இருக்கேன். இருக்கு, இருபத்தாறும் இருக்கு. மரத்தைத் தேடாத, அது சரியாத் தெரியல. மூஞ்சியைப் பாரு. வந்து சொல்றேன். 2011 வரைக்கும் நானே எண்ணிட்டேன். அப்புறம் கேளு, 2012-ல மரத்தை மொட்டையா வெட்டியிருக்காங்க. ஆமா, அதே 2012. ஆமா, அந்தக் கடல் பேப்பர்தான். சிரிக்காத, பக்கத்துல ஒரு தம்பி ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டு இருக்கு. அதுவும் தப்புன்னு சேத்தே எழுதிரு. என்னைக் கேட்டுக் கேட்டு எழுதாத, எழுதிரு.

அறிக்கையில என் பேரா? கடைசியில 'உதவியவர்'னு சின்ன எழுத்துலயா? அதெல்லாம் வேண்டாம்மா. என் பேரை முதல்ல போடு, ஒன் பேரு ரெண்டாவது. ஆசைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஆசை மட்டும் இல்ல. திங்கக்கிழமை கூட்டத்துல நீ போய் நின்னா இன்ஜினியர் என்ன சொல்வார்? 'நல்லபெருமாள் சாரே குறையுதுன்னு எழுதிக் குடுத்திருக்காரே'ன்னு அந்தப் பழைய நகலை எடுத்து மேசையில போடுவார். ஒன்னால ஒண்ணும் பேச முடியாது. அதனால நானும் வர்றேன், முன் வரிசையிலயே உக்காந்துக்கிறேன். மழை குறையுதுன்னு ஊருக்குச் சொன்னவன் நான். குறையலைன்னும் நான்தானேம்மா சொல்லணும்.